அன்றன்றைய அப்பம்: கொழும்புத் தமிழ்க் கிறிஸ்தவரின் நம்பிக்கை மரபுகள்

மாளிகாவத்தையில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சிறுதொகையினர். பள்ளிவாசலின் பாங்கொலியில் விடியும் ஊர் இது. பெரிய மையவாடி, தொடர்மாடி வீடுகள், 1986இல் திறக்கப்பட்ட கெத்தாராம விளையாட்டரங்கு, இவற்றுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக நம் வீடுகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே தொடர்மாடியின் படிகளில் இறங்குகிற கிறிஸ்தவக் குடும்பங்கள் வெவ்வேறு திசைக்குப் போகும். ஒரு குடும்பம் கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்துக்கோ கொட்டாஞ்சேனை சாந்த லூசியா பேராலயத்துக்கோ போகும். இன்னொன்று புறக்கோட்டை மெதடிஸ்த ஆலயத்துக்கு. மற்றொன்று வாடகை மண்டபத்தில் கூடும் பெந்தெகொஸ்தே சபைக்கு.

வீட்டுநிலை மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமி வேலை, தையல், முச்சக்கர வண்டி, கடையில் நாட்சம்பளம், மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்யும் தாய் அனுப்பும் பணம். மாதக் கடைசியில் மூலைக்கடைக் கடன் கொப்பியில் பெயர் ஏறிவிடும். “ஆண்டவர் பார்த்துக்கொள்வார்” என்று எல்லா வீட்டிலும் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் அவர் எப்படிப் பார்த்துக்கொள்கிறார், நம் பங்கு என்ன, கேட்டது கிடைக்காவிட்டால் என்ன நினைப்பது என்று வரும்போது ஒவ்வொரு மரபும் ஒரு பள்ளியாக இருந்து தன் பிள்ளைகளை வேறு விதமாகப் பழக்கியிருக்கிறது. அந்தப் பழக்கங்களையும், ஒவ்வொரு மரபும் தனக்கென வைத்துக்கொண்ட அளவுகோலையும் இந்த மலரில் எழுதிவைப்பது தேவை என்று நினைக்கிறேன். எல்லாவற்றுக்கும் பொதுவான அளவுகோல் ஒன்றும் உண்டு என்பது என் துணிபு: பெற்றுக்கொண்டவரின் கதவு அடுத்தவருக்குத் திறக்கிறதா என்பதே அது.

கத்தோலிக்க மரபில் இதைப் பேசத் தொடங்கினால் புனித யோசேவ் வாஸ் அடிகளாரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருமார் இந்தத் தீவில் கால்வைக்கத் தடை இருந்தது. 1687இல் கோவாவிலிருந்து வந்த வாஸ், கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் இறங்கினார். இறங்கும்போதே கடும் வயிற்றோட்டம். தொற்றும் என்று பயந்து ஊரார் ஒதுக்கிவிட, ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியால் உயிர் தப்பினார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. தேறி எழுந்ததும் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். செபமாலையைக் கண்டு எந்த வீட்டார் முகம் மாறுகிறது என்று பார்த்தே மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை இனங்கண்டார். பிறகு சில்லாலையில் தங்கியதும், 1692இல் கண்டியில் ஒற்றன் என்று சிறைப்பட்டதும், 1696 வறட்சியில் மழைக்காக மன்றாடியதும், அடுத்த ஆண்டு அம்மை நோய் பரவியபோது கைவிடப்பட்ட நோயாளிகளைத் தேடிப்போய்ப் பராமரித்ததும் பலரும் அறிந்தவை. 2015 ஜனவரி 14ஆம் தேதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது மழை அற்புதத்தைப் பற்றியே அதிகம் பேசினார்கள். எனக்கு அந்தக் கஞ்சிதான் பெரிதாகப் படுகிறது. பெயர்கூடத் தெரியாத ஒரு பெண் தன் வீட்டு அடுப்பில் வைத்த கஞ்சி அது. கடவுளின் பராமரிப்பு அன்று வானத்திலிருந்து இறங்கவில்லை. நோய் தொற்றினால் தன் வீடும் போய்விடும் என்று தெரிந்தும் நடந்துவந்த ஒருத்தியின் கையிலிருந்து வந்தது. அந்தக் கஞ்சியைக் குடித்தவரே பத்து ஆண்டு கழித்துக் கண்டியில் அம்மை கண்டவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலமும் அதே தடைக்காலத்து மண்ணில் முளைத்ததுதான். மறைந்து வாழ்ந்த அந்தோனியோ என்ற குருவிடம் மீனவர்கள் கடலரிப்பை நிறுத்த வேண்டிக்கொண்டதாகவும், அவர் சிலுவையை நட்டுச் செபித்ததாகவும் தலத்தின் மரபு சொல்கிறது. இன்று செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே வரும் கூட்டத்தில் இந்துக்கள், பௌத்தர்கள், முஸ்லிம்கள் எல்லோரும் இருப்பார்கள். ஜூன் 13 திருவிழாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வேண்டுதல், நேர்த்தி, நவநாள், மெழுகுதிரி என்று இந்த மரபின் வழிகள் கையால் தொடக்கூடியவை. படிப்பறிவில்லாதவரும் தன் தேவையைக் கடவுள் முன் கொண்டுபோய் வைக்க முடிகிறது. இதைத் தாழ்வாகப் பேசுகிறவர்களோடு நான் உடன்படமாட்டேன். மகனுக்கு வேலை கேட்டு ஒன்பது செவ்வாய் நடந்துவருகிற தாய், அந்த ஒன்பது வாரமும் தன் கவலையைத் தனியே சுமக்கவில்லை.

ஆபத்து எங்கே என்றால், நேர்த்தி பேரமாக மாறும் இடத்தில். இதைத் தந்தால் அதைச் செய்வேன் என்ற கணக்கில் கடவுள் கடன்காரராகிவிடுகிறார். மரபு இதற்கும் ஒரு திருத்தம் வைத்திருக்கிறது. 1890இல் பிரான்சின் தூலோன் நகரில் ஒரு கடைக்காரப் பெண்ணின் நேர்த்தியிலிருந்து பரவிய அந்தோனியார் அப்பம் என்ற வழக்கத்தில், வேண்டியது கிடைத்தவர் செலுத்தும் காணிக்கை ஏழைகளின் உணவுக்குப் போகிறது. நன்றி பீடத்தில் நின்றுவிடாமல் ஒரு பசித்த வயிற்றில் போய்ச் சேரவேண்டும் என்பது அதன் ஒழுங்கு. துன்பத்தில் தங்கியிருக்கவும் இந்த மரபு பழக்கியிருக்கிறது. வாஸுக்குப் பின் வந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் இயேசுவின் பாடுகளைப் பற்றி எழுதிய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் பாடி வாசிக்கப்படும்போது, கேட்டது கிடைக்காத தாயும் அதில் தன்னைக் காண்கிறாள்.

மெதடிஸ்தர்கள் 1814இல் இலங்கைக்கு வந்தார்கள். புறக்கோட்டை ஆலயம் 1816இல் திறக்கப்பட்டது. அங்கிலிக்கன் சபையையும் சேர்த்துப் பார்த்தால், இந்த மரபின் மையம் வீட்டு ஒழுங்கு. மாலையில் குடும்ப ஜெபம், கீர்த்தனை, வேதவாசிப்பு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் முதல் கிருஷ்ணப்பிள்ளை வரை தமிழ்நாட்டில் பிறந்த பாட்டுகள் பாக்குநீரிணையைத் தாண்டி இங்கே வீட்டு முற்றங்களில் ஒலித்தன. கடவுளின் பிரசன்னம் பெரிய அற்புதத்தில் மட்டும் அல்ல, பாட்டு பிழையில்லாமல் நினைவில் இருப்பதிலும் உண்டு என்று கற்ற தலைமுறை அது. சமைக்கும் அரிசியில் ஒரு பிடியை முதலில் எடுத்துத் தனிப் பானையில் போட்டு ஆலயத்துக்குக் கொண்டுவரும் பிடியரிசிக் காணிக்கையும் தமிழ்ச் சபைகளின் பழைய வழக்கங்களில் ஒன்று. உலை வைப்பதற்கு முன்பே அந்தப் பிடி போய்விட வேண்டும். மிஞ்சினால் கொடுப்பது என்ற பேச்சு அதில் கிடையாது.

இந்தப் பள்ளியின் மிக உயர்ந்த அளவுகோல் ஆண்டுத் தொடக்கத்தில் நடக்கும் உடன்படிக்கை ஆராதனை. ஜோன் வெஸ்லி 1755இல் தொடங்கிவைத்தது. வருடப்பிறப்பில் நம் பிள்ளைகள் ஆவலோடு எடுப்பது வாக்குத்தத்த வசனச் சீட்டு. என்ன வரும் என்று கைநீட்டும் மகிழ்ச்சி அதில் உண்டு, இருக்கட்டும். ஆனால் உடன்படிக்கை ஆராதனையில் விசுவாசி எதையும் எடுப்பதில்லை. வேலை தந்தாலும் ஒதுக்கிவைத்தாலும், நிறைத்தாலும் வெறுமையாக்கினாலும் நான் உம்முடையவன் என்ற கருத்தில் தன்னையே ஒப்புக்கொடுக்கிறான். இரண்டு நிகழ்ச்சிகளும் சில நாள் இடைவெளியில் வருகின்றன. முதலாவதற்கு ஆலயம் நிரம்புகிறது. இரண்டாவதன் பொருளை நம் இளையோருக்கு யாரும் பொறுமையாக விளக்குவதில்லை என்பது எனக்கு உண்மையான கவலை.

தெல்லிப்பழையில் 1908இல் பிறந்து, 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தொடக்கக் கூட்டத்தில் பிரசங்கித்த டி. ரி. நைல்ஸ் இந்த மரபின் பிள்ளை. நற்செய்தி சொல்வதை அவர், அப்பம் எங்கே கிடைக்கும் என்று ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்குச் சொல்வதாக விளக்கினார். உலகமெங்கும் அந்தக் கருத்தை எடுத்தாள்கிறார்கள். செபமாலையோடு வாசல்தோறும் பிச்சை கேட்ட வாஸையும் நைல்ஸையும் வெவ்வேறு சபை வரிசையில் வைத்துப் படிக்கிறோம். இருவரும் நின்ற இடம் ஒன்றுதான்.

மூன்றாவது பள்ளி, மனிதரிடம் எதையும் கேட்காமல் கடவுளிடம் மட்டுமே கேட்டு வாழ்வது. இதற்கு மேலைநாட்டில் பிரிஸ்டலின் ஜோர்ஜ் முல்லரைச் சொல்வார்கள். தமிழில் அதற்கு முன்னோடி ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். 1810இல் நெல்லைச் சீமையில் பிறந்த அவர், மிஷன் சம்பளத்தை நம்பாமல் கிறிஸ்தியான்பேட்டையில் ஒரு விசுவாசக் குடியிருப்பை அமைத்து ஊழியம் செய்தார். டோனாவூரில் அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேலும் பணம் கேட்டு யாரிடமும் போவதில்லை என்ற விதியை வைத்திருந்தார்.

கொழும்புக்கு இதில் தனி இடம் உண்டு. கேரளத்தில் இராமன்குட்டியாகப் பிறந்து இலங்கைக்கு வந்து கிறிஸ்தவரான பாஸ்டர் பவுலும், ஆசிரியரான அல்வின் டி அல்விஸும் சேர்ந்து 1924இல் இங்கேதான் இலங்கைப் பெந்தெகொஸ்தே சபையைத் தொடங்கினார்கள். பின்னாளில் தமிழ்நாட்டில் இரும்புலியூர் அதன் தலைமையிடமாயிற்று. இன்று பல நாடுகளில் அதற்கு விசுவாச வீடுகள் இருக்கின்றன. ஊழியக்காரர் உடைமையைத் துறந்து பொதுவாக வாழ்கிறார்கள். சம்பளம் கிடையாது, பணத்துக்கான வேண்டுகோளும் கிடையாது. தீவுக்கு வெளியிலிருந்து கற்ற பாடங்கள் பல நம்மிடம் உண்டு. கொழும்பு வெளியே அனுப்பிய பாடம் இது. பணத்தைப் பற்றி ஓயாமல் பேசும் மேடைகளைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு, பணத்தைக் கேட்காத சபை ஒன்று நூறாண்டாக நடக்கிறது என்பதே ஒரு சாட்சி. மருந்தை விலக்கும் அவர்களுடைய போதனையோடு நான் உடன்படவில்லை. வாஸைப் பிழைக்கவைத்த கஞ்சியும் கடவுள் கொடுத்ததுதான், நீரிழிவுக்காரருக்கு இன்சுலினும் அப்படியே.

இந்தப் பள்ளியிலிருந்து பிறந்ததுதான் சாட்சி சொல்லும் வழக்கம். ஒருவர் எழுந்து, வாடகைக்குப் பணமில்லாத நாளில் கதவு தட்டப்பட்ட கதையைச் சொல்லும்போது மண்டபமே ஸ்தோத்திரம் சொல்லும். நானும் கண்கலங்கியிருக்கிறேன். ஆனால் யார் எழுவதில்லை என்றும் பார்க்கவேண்டும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வருடக்கணக்காக வந்தும் விசா கிடைக்காத மகனின் தந்தை எழுவதில்லை. புற்றுநோயில் மனைவியை அடக்கம் செய்தவர் எழுவதில்லை. கிடைத்தவரின் குரல் மட்டும் கேட்கிற சபையில், கிடைக்காதவர் தன் விசுவாசம்தான் குறைவு என்று எண்ணத் தொடங்குகிறார். அந்த எண்ணத்தின் மேல்தான் செழிப்பு உபதேசம் வீடு கட்டுகிறது. கொடு, நூறு மடங்கு வரும் என்று சொல்லிக் கொடுக்கவைப்பது. காதில் இருந்ததை அடகுவைத்துக் காணிக்கை போட்டு, பிறகு மீட்க வழியில்லாமல் நின்ற பெண்களை நான் அறிவேன். வனாந்தரத்தில் மன்னாவை மறுநாளுக்கென்று சேர்த்தவனுடையது புழுத்துப்போனது என்று படித்த நாம், சேர்ப்பதையே ஆசீர்வாதம் என்று போதிப்பது எப்படி?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடையிலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நேர்த்தி வைத்தவர்களும் கைகளை உயர்த்தி ஆராதித்தவர்களும் ஒரே காலையில் மாண்டார்கள். சீயோனில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள். கடவுள் பாதுகாப்பார் என்று நம்பி அங்கே போனவர்கள் இவர்கள். எந்தப் பள்ளியின் பாடமும் அன்று போதவில்லை. ஜூன் 12ஆம் தேதி கொச்சிக்கடை மறுபடி திறக்கப்பட்டது. அந்தப் படிகளில் மீண்டும் ஏறியவர்கள், காப்பாற்றப்படுவோம் என்ற உறுதியில் ஏறியதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் அங்கே அவர்களோடு இருந்தார், இப்போதும் இருக்கிறார் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டே ஏறினார்கள். பராமரிப்பு நின்றுபோன இடத்திலும் பிரசன்னம் நிற்கும் என்பதை எனக்குக் கற்பித்தவர்கள் அவர்களே.

ஓராண்டு கழித்து, 2020 மே 21ஆம் தேதி, கொரோனா முடக்கத்தின் நடுவே, மாளிகாவத்தையில் நோன்புப் பெருநாளையொட்டி ஏழைகளுக்குப் பணம் வழங்கப்பட்ட இடத்தில் நெரிசல் ஏற்பட்டு மூன்று பெண்கள் இறந்தார்கள். நம் அயலவர்கள். ஒரு சிறு தொகைக்காக வரிசையில் நின்றவர்கள். அவர்கள் கேட்டதும் அன்றைய அப்பத்தைத்தான். கொடுப்பவரின் மனம் நல்லதாக இருந்தாலும், வாங்குகிறவரைத் தெருவில் நிற்கவைக்கும்போது என்ன நேரலாம் என்று இந்த வட்டாரத்தில் எவரும் மறக்கக்கூடாது.

2022 பொருளாதார நெருக்கடியில், எரிவாயு வரிசையும் மண்ணெண்ணெய் வரிசையும் நீண்டிருந்த மாதங்களில், ஒரு சிறு சபையின் பெண்கள் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். உலர் உணவுப் பொதி: அரிசி, பருப்பு, சீனி, கொஞ்சம் நெத்தலி, ஒரு சவர்க்காரம். சபையின் பெயர் எதிலும் அச்சிடவில்லை. புகைப்படம் எடுக்கவில்லை. இருட்டிய பிறகு, துணிக்கடைப் பையில் போட்டுப் படியேறி, கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் உட்கார்ந்து பிள்ளைகளின் படிப்பை விசாரித்து வந்தார்கள். முஸ்லிம் வீடுகளுக்கும் போயிற்று. அவர்களில் ஒருத்தி மூன்று மாதம் முன்பு தானே ஒரு பொதி வாங்கியவள்.

ஒரு குறை இருந்தது. ஒரே மாடியில் கத்தோலிக்கப் பங்கு ஒரு வீட்டுக்குக் கொடுத்ததும், பெந்தெகொஸ்தே சபை அதே வீட்டுக்குக் கொடுத்ததும், எதிர்வீட்டு முதியவரை எவரும் அறியாததும் பிறகுதான் தெரிந்தது. மூன்று பள்ளிகளுக்கும் ஒரு கொப்பி இருந்திருந்தால் அது நேர்ந்திருக்காது. இந்த மலரை வாசிக்கும் குருமாரிடமும் போதகர்களிடமும் என் வேண்டுகோள் அது ஒன்றே. ஒவ்வொரு தொடர்மாடிக்கும் ஒரு பொதுக் கொப்பி வையுங்கள். எழுதும் பொறுப்பை அங்கே குடியிருக்கும் பெண்களிடம் விடுங்கள். சபை எது, மதம் எது என்ற பத்தி அதில் வேண்டாம். வீட்டு இலக்கமும் தேவையும் போதும்.