காவல் நிலையத்தின் 'நான்'

'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்று தமிழ்ச் சிற்றிதழ்கள் மாய்ந்து மாய்ந்து விவாதித்துக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு அ, ஆ தெரியாது. எம்.ஏ. படிக்கும்போது நூலகத்துப் பழைய இதழ்களில்தான் அந்தச் சண்டையை வாசித்தேன். பிரதி, கதையாடல் என்ற சொற்களெல்லாம் அங்கே பொறுக்கியவைதான். அவற்றைக் கவிதைக்கும் நாவலுக்கும் பொருத்திப் பார்த்தோமே ஒழிய, தினந்தினம் எழுதப்பட்டு ஆட்களைச் சிறைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் ஓர் உரைநடைக்குப் பொருத்திப் பார்க்கவில்லை. காவல் நிலையத்தில் எழுதப்படும் உரைநடையைச் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் பகுதியில் வீட்டு வேலை செய்யும் அக்கா ஒருவரோடு புகார் கொடுக்கப் போயிருந்தேன். (எந்த ஊர், எந்த நிலையம் என்பது வேண்டாம்.) எழுத்தர் வேலை பார்த்த ஏட்டு நல்ல மனுஷன்தான், டீகூட வாங்கிக் கொடுத்தார். அக்கா சொன்னது: 'தண்ணி லாரிகிட்ட நின்னவள சாதியச் சொல்லித் திட்டி, குடத்தாலயே மண்டையில அடிச்சான் சார்.' தாளில் இறங்கியது: 'தண்ணீர் பிடிப்பது தொடர்பாக இரு தரப்பினருக்கும் வாய்த்தகராறு ஏற்பட்டு, கைகலப்பில் முடிந்தது.' சாதி போச்சு, குடம் போச்சு, அடிச்சவனும் போயிட்டான். 'தகராறு' எழுவாய் ஆகிவிட்டது. தகராறுக்கு ஏது கை? சாதி என்ற சொல் விழுந்ததோடு 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்து விழுந்தது. தொல்காப்பியம் படித்த நான் அன்று செய்த ஒரே காரியம், 'வாய்த்தகராறு' என்பதில் ஒற்று விட்டுப்போயிருந்ததைச் சுட்டிக்காட்டியதுதான். கையெழுத்துப் போட்டு, மனு ரசீதை வாங்கிக்கொண்டு வந்தோம். வழக்குப் பதிவாகவில்லை.

சட்டம் இதை அறியாததல்ல. வாயால் சொன்னதை எழுதி, சொன்னவருக்கே வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்றது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவு. 2024 ஜூலையில் சட்டத்தின் பெயரும் எண்ணும் மாறின, இப்போது அது 173. பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவலிலிருந்து தெரிந்தால் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் தகவலை வாக்கியமாக்குவது யார்? கைகலப்பில் 'முடிந்துவிட்ட' ஒன்றில் குற்றத்தை எங்கே போய்த் தேடுவது?

ஒப்புதல் வாக்குமூலம் என்ற வகைமை இன்னும் சுவாரஸ்யமானது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. அதன் வழியாக ஒரு பொருள் கிடைத்தால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். அதனால் ஆண்டிபட்டிக்காரரும் ஆற்காட்டுக்காரரும் ஒரே தமிழில் 'என்னை அழைத்துச் சென்றால் அடையாளம் காட்டி, எடுத்து ஆஜர் செய்கிறேன்' என்று முடிக்கிறார்கள். தன்மை ஒருமையில் இத்தனை கறாராக எழுதப்படும் உரைநடை நம் இலக்கியத்தில்கூட இல்லை. அந்த 'நான்' மட்டும் வேறொருவனுடையது. இங்கே ஆசிரியன் சாவதே கிடையாது. சாகிறவன் வேறு ஆள்.

சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் செத்தவர்கள் இரண்டு பேர். ஊரடங்கில் கடையைக் குறித்த நேரத்துக்குமேல் திறந்து வைத்ததாகப் பிடித்துச் செல்லப்பட்ட ஜெயராஜும் பென்னிக்சும் தரையில் உருண்டு தாங்களே உள்காயம் ஏற்படுத்திக்கொண்டதாக முதல் தகவல் அறிக்கை எழுதியது. அக்கம்பக்கத்துக் கேமராப் பதிவு அந்தக் கதையை உடைத்தது. நிலையத்துக் கேமராவோ தினமும் தானாக அழிந்துபோகும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். தலைமைக் காவலர் ரேவதி அன்றிரவு கண்டதைச் சொன்னார். சொன்னதில் கையெழுத்திடப் பயந்தார். திரும்பத் திரும்ப உறுதி கொடுத்த பிறகே போட்டார். காவல் நிலையத்துக்கு உள்ளேயே இருக்கும் ஒருத்திக்குத் தன் 'நானை' எழுத இவ்வளவு பாடு என்றால், தண்ணி லாரிகிட்ட நின்ற அக்காவை என்ன சொல்ல?

நம் சினிமாவும் இலக்கியமும் இந்த இடத்தில் என்ன செய்கின்றன? 1993இல் கடலூர் மாவட்டத்தில் நடந்த காவல் மரணத்தை வைத்து எடுத்த 'ஜெய் பீம்' (2021) படத்தில் பதிவேடுகளின் ஓட்டையைக் கண்டுபிடிப்பவர் வழக்கறிஞர். செங்கேணி சொல்கிறாள், அவர் வாசிக்கிறார். கடைசியில் அவள் மகள் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படிக்கிறாள். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன். ஆனாலும் அந்தப் படத்தில் அவர்கள் வாசிக்கும் இடம்வரைதான் வருகிறார்கள். மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' நாவலை நான் இதற்கு மேலே வைப்பது இதனால்தான். 1983இல் குண்டூர் போலீஸ் ஒப்புக்கொள்ளச் சொல்லி அடித்த ஆளே பேனாவை எடுத்திருக்கிறார். அடிவாங்கியவனின் வாக்குமூலத்தை முதன்முறையாக அடிவாங்கியவனே எழுதினால் தமிழ் எப்படி மாறுகிறது என்பதை அங்கே பார்க்கலாம். அதை எடுத்துக்கொண்டு வெற்றிமாறன் செய்த 'விசாரணை', பிற்பாதியில் அதிகாரிகளின் சதிக்குள் போய், உள்ளே இருந்தவர்களைக் கொன்றுவிடுகிறது. எழுதியவரோ உயிரோடு வெளியே வந்தவர்! படத்தின் அவநம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த விடுபடலை மன்னிக்க முடியவில்லை.

(கிராமசபைத் தீர்மானப் புத்தகம் தனிக் கட்டுரைக்கு உரியது. நூறுநாள் வேலைக்கு வந்தவர்களிடம் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி, தீர்மானத்தைப் பின்னால் எழுதிக்கொண்ட ஊராட்சி ஒன்றை நானே பார்த்திருக்கிறேன்.)

அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். நிலையத்தில் பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம் என்று அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. இந்த முறை அக்கா சொல்லச்சொல்ல எழுதினேன். 'அடிச்சான்' அப்படியே இருந்தது. குடமும் இருந்தது, திட்டிய சொல்லும் இருந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர், 'பேச்சுத் தமிழால்ல இருக்கு, டைப் பண்ணித் திருத்தித் தரவா?' என்றார். வேண்டாமென்று பதிவுத் தபாலில் அனுப்பினோம். மனு, வழக்கம்போல, விசாரணைக்கென்று அதே நிலையத்துக்கே திரும்பி வந்தது. கூப்பிட்டுவிட்டார்கள், போனோம்.

'இத யாரு எழுதினது?' என்று ஏட்டு என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

'நான்தான் சார் சொன்னேன். அவரு எழுதினாரு' என்றார் அக்கா.

இந்தத் தடவை டீ வரவில்லை.