கற்றாழையும் ஊசியும்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் பெருமையெல்லாம் பாலில் இருக்கிறது. அந்தப் பாலைத் தரும் மாட்டின் மடிக்குள் போகும் மருந்தைப் பற்றித்தான் பேச்சு குறைவு.

மடி வீங்கி, பால் திரிதிரியாக வந்தால் மடிநோய். உடனே ஆன்டிபயாடிக் ஊசி. மாடு காய்ச்சலில் தீனி எடுக்காமல் படுத்துவிட்டால் அந்த ஊசிதான் உயிர் காக்கும். அதில் மாற்றுக் கருத்தில்லை. கோளாறு பயன்படுத்தும் விதத்தில். எந்தக் கிருமி என்று பாலைச் சோதிக்காமல் மருந்து போடுவது, வீக்கம் வடிந்ததும் பாதியில் நிறுத்துவது, மருந்து தங்கியிருக்கும் நாள்களின் பாலையும் சொசைட்டியில் ஊற்றுவது. தப்பிப் பிழைக்கும் கிருமி அடுத்த முறை அதே மருந்துக்கு அடங்காது. பாலைக் காய்ச்சினால் கிருமி சாகும். மருந்தெச்சம் முழுதும் அழியாது. சுண்டக் காய்ச்சும் பால்கோவாவுக்கு இது கூடுதல் கவலை.

ஊசிக்கு மாற்றாகத் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி பரப்பிய மூலிகைப் பற்று, தேசியப் பால்வள வாரியம் வழியாக நாடெங்கும் போனது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் பொடி 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்து, பாலைக் கறந்து கழுவிய மடியில் பூச வேண்டும். செலவு சொற்பம். மருந்தெச்சக் கவலையில்லை. ஆன்டிபயாடிக்கை எதிர்த்து நிற்கும் கிருமியை அது வளர்ப்பதுமில்லை.

ஆனால் நாளுக்குப் பத்து முறை, ஐந்து நாளாவது பூச வேண்டும். வயல்வேலைக்கோ மில்லுக்கோ போகும் வீட்டில் அதற்கு யார் இருக்கிறார்கள்? நாள்பட்டு மடி கல்லாக இறுகிவிட்டால் மேல்பூச்சை நம்ப முடியாது. வெளியே தெரியாத மடிநோயைச் சோதனைதான் காட்டும். 'இயற்கை வைத்தியம்' என்ற நம்பிக்கையில் மருத்துவரை அழைக்கத் தாமதித்தால் மாடே போய்விடும்.

ஆன்டிபயாடிக்கைத் தடைசெய்வதும் ஒரு வழிதான். கோழித் தீவனத்தில் கலந்துவந்த கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை, மனிதருக்கான கடைசி மருந்துகளில் ஒன்று என்பதால், மத்திய அரசு 2019 ஜூலையில் தடைசெய்தது. மடிநோய்க்குத் தடை தீர்வாகாது, ஒழுங்கு வேண்டும். தொடக்கத்திலேயே பற்று, காய்ச்சல் கண்டால் மருத்துவர், சோதித்த பின் ஊசி. ஊசி போட்ட நாள்களின் பாலைக் கீழே கொட்டச் சொல்வது எளிது. அந்த நட்டத்தை மாடு வைத்திருப்பவர் மட்டும் சுமக்கும்வரை, பால் கேனுக்குள்தான் போகும். நட்டத்தை ஈடுகட்ட வேண்டியவர்கள் பால் சங்கங்களும் பால்கோவா வணிகர்களும்.