ஒரு ‘எல்’லை எப்படி வாசிப்பது?

ஷா ஆலம் செக்சன் 15-இல் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூத்த எஞ்சினியர் ஒருவர் அனுப்பும் மின்னஞ்சல்கள் ‘ஜே’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தோடு முடியும். பெயரின் முதல் எழுத்து போல என்று நினைத்தேன். அவர் பெயரில் ஜே-யே கிடையாது. அது சிரிப்பு! அவுட்லுக்கில் முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும் தட்டினால் அது விங்டிங்ஸ் எழுத்துருவின் ஜே ஆகிவிடும். அந்த எழுத்துருவில் ஜே சிரித்த முகம், கே சலனமில்லாத முகம், எல் வாடிய முகம். என் கைப்பேசிக்கு எழுத்து வந்தது, முகம் வரவில்லை.

இதை ஜோக்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், போன வருடம் அக்காவின் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திறக்கும்வரை.

2004 வாக்கில் கிள்ளான் வீட்டிலிருந்து, சிங்கப்பூரில் வேலை செய்த மாமாவோடு அவள் யாஹூ மெசஞ்சரில் பேசியவை ஒரு கோப்பில் இருந்தன. உரையாடல் பதிவை ஏதோ குட்டி மென்பொருள் வைத்து வெறும் உரையாக எடுத்திருக்கிறாள். திறந்தால், தலையில் குடையும் காலில் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள். திஸ்கி. அன்றைக்குத் தமிழே ஒருவகையில் விங்டிங்ஸ்தான். ஐரோப்பிய எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துரு இரண்டு பக்கமும் இருந்தால் தமிழ், இல்லையென்றால் கிறுக்கல். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் போன்றவை இல்லாமல் நம் வீடுகளில் இது நடந்திருக்காது. திஸ்கியில் ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு ‘க’, பிறகு கால். கை எழுதும் அதே வரிசை. யூனிகோடில் ‘க’தான் முதலில், வாய் சொல்லும் வரிசை. எனக்கு இன்னமும் திஸ்கி மேல்தான் ஒரு இது.

மாமாவின் வரிகள் டேக் மயம். தடித்த எழுத்துக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று, சிவப்பில் தொடங்கி நீலத்தில் கரைய ‘ஃபேட்’ என்று ஒன்று. மோசமான ரசனைதான், மறுக்கவில்லை. ‘சாப்டியா’ என்று கேட்க எதற்கு வானவில்? ஆனால் தண்டியலங்காரம் சித்திரகவிக்கு இலக்கணம் சொன்ன மொழி இது. தேர் வடிவத்திலும் பாம்பு வடிவத்திலும் பாட்டைக் கட்டியவர்களை வித்தை காட்டுகிறார்கள் என்று ஒதுக்கிய அதே வாயால்தான் மாமாவையும் கிண்டல் செய்தேன்.

கிண்டலோடு விடவில்லை. எஞ்சினியர் புத்தி. திஸ்கியை யூனிகோடாக மாற்றினேன், டேக்குகளை நீக்கினேன், வரி ஓரங்களில் தனித்து நின்ற ஆங்கில எழுத்துகளையும் குப்பை என்று கழித்தேன். சுத்தமான பிரதி. அக்கா வாசித்துவிட்டு, “இது மாமா மாதிரியே இல்லடா” என்றாள்.

‘அடுத்த மாசம் வர முடியாது. படிப்பைப் பாரு.’ இது என் பிரதியில் மாமாவின் கடைசிச் செய்தி. கறாரான ஆள் எழுதியது போல இருக்கிறது. மூலத்தில் அதற்குப் பிறகு விங்டிங்ஸ் டேக்குக்குள் ஒரு ‘எல்’ இருக்கிறது. யாஹூவின் ஆடும் மஞ்சள் முகங்கள் பிடிக்காததால் அவர் தேடிக் கண்டுபிடித்த வாடிய முகம். அந்த மாதம் மட்டுமல்ல, அதன்பிறகு அவர் வரவே இல்லை. அலங்காரம் என்று நான் கழித்ததில்தான் அவர் குரல் இருந்திருக்கிறது. இலக்கிய வாசகன் என்று சொல்லிக்கொள்பவன் செய்யக்கூடாத பிழை.

இப்போது வாட்ஸ்அப்பில் இரண்டு பக்கமும் நட்சத்திரம் வைத்தால் தடித்த எழுத்து, அவ்வளவுதான். வளைந்து நெளிந்த ஆங்கிலம் எழுதுபவர்கள் யூனிகோடின் கணிதக் குறியெழுத்துகளைக் கடன் வாங்குகிறார்கள். தமிழுக்கு அப்படி எதுவும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, அம்மாவின் காலை வணக்கம் ரோஜாப்பூ போட்ட படமாகவே வருகிறது. படத்துக்குள் இருக்கும் தமிழை எந்தத் தேடலில் பிடிப்பது?

யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலை 17-இல் மூடப்பட்டது. பழைய திரையில் அந்த வரிகளைத் திரும்பப் பார்க்க வழியில்லை. மறுபடி உட்கார்ந்து, நிறங்களை அப்படியே விட்டு, ‘எல்’களை யூனிகோடின் வாடிய முகமாக மாற்றிக் கொடுத்தேன். அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“மாமாவோடது இதைவிடக் கொஞ்சம் குண்டா இருக்கும்” என்றாள்.