பிறவிக் குணமா, பெரட்டுக் களமா?

மனிதனுடைய குணம் எங்கிருந்து வருகிறது? பிறப்போடு வருகிறதா, வளர்ப்பினால் வருகிறதா, அல்லது நாலுபேர் ஒருவனை நாள்தோறும் எப்படி அழைக்கிறார்களோ அப்படியே அவன் ஆகிவிடுகிறானா? இது பண்டிதர்கள் ஓய்வு நேரத்தில் விவாதிக்க வேண்டிய விஷயம் என்று கருதுவோர், நமது கோல சிலாங்கூர்த் தோட்டங்களில் ஏதேனும் ஒன்றில் ஒரு வாரம் தங்கினால் போதும். 'தோட்டத்துப் பிள்ளைதானே, இவ்வளவுதான் வரும்' என்பார் ஒருவர். 'அவன் ஜாதிப் புத்தி அது' என்பார் மற்றொருவர். 'நம்மவனுக்கு மேலே ஒருவன் நின்று அதட்டினால்தான் கை ஓடும்' என்பார் மூன்றாமவர். சொல்வோர் அறியார், எனினும் இவை மூன்றும் மனோதத்துவ சித்தாந்தங்களே. அவற்றை நம்பித்தான் பிள்ளைகள் வளர்க்கப்படுகிறார்கள், வேலைக்கு எடுக்கப்படுகிறார்கள், ஒதுக்கப்படுகிறார்கள்.

ஆதலால் இரண்டு நூல்களை எடுத்து, அவை மனிதனைப்பற்றிச் சொல்வது நமது அனுபவத்துக்கு ஒத்து வருகிறதா என்று ஆராய்வோம். ஒன்று நம் மாவட்டத்து மண்ணில் முளைத்த நாவல். மற்றது அமெரிக்காவில் எழுதப்பட்ட மனோதத்துவ நூல்.

முதல் நூலை எழுதியவர் ஆன்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். 1905-இல் மலாயாவுக்கு வந்து, சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய ரந்தாவ் பஞ்சாங்கில் தோட்டம் திறந்தவர். சுமத்ராவிலிருந்து செம்பனை விதைகளைக் கொண்டுவந்தவரும் அவரே. 1917-இல் நமது தென்னமரம் தோட்டத்தில் நடப்பட்டதுதான் இந்நாட்டின் முதல் வியாபாரச் செம்பனைத் தோட்டம் என்பதை நேயர்கள் பலரும் அறிவார்கள். அவர் பின்னர் 'மலேசி' என்னும் நாவலை எழுதி, 1930-இல் பிரெஞ்சு நாட்டின் கோன்கூர் பரிசைப் பெற்றார். ஆங்கிலத்தில் 'மலாயாவின் ஆத்மா' என்ற பெயரில் வழங்குவது அந்நூலே.

அந்நூலில் அழகு உண்டு. காட்டையும் மழையையும் இரவையும் அவர் தீட்டியிருப்பதைப் போல் இப்பகுதியைத் தீட்டியவர் சிலரே. மலாய்ப் பாந்துன்களிடத்தில் அவர் கொண்ட அன்பும் மெய்யானது. வெறும் துரைத்தன அகம்பாவம் என்று அந்நூலைத் தள்ளிவிடுவது நியாயமாகாது. ஆயினும் 'ஆத்மா' என்ற சொல்லைக் காணும்போது, 'யாருடைய ஆத்மா?' என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கதையில் நினைப்பவர்களும் பேசுபவர்களும் பெரும்பாலும் ரோலேன், லெஸ்கால் என்னும் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். கதையைத் திருப்புகிறவன் ஸ்மாயில் என்ற மலாய்ப் பணியாளன். அவன் 'அமோக்' கொண்டு வெறியாட, கதை முடிவை நோக்கி ஓடுகிறது. தமிழர்கள் அதில் இல்லாமலில்லை. ஆனால் அத்தோட்டத்தைத் தூக்கி நிறுத்திய அவர்களுக்குக் கதையைத் திருப்பும் உரிமை இல்லை.

அமோக் என்பதை ஓர் இனத்தின் ஆத்மாவில் உறைந்த மர்மமாகக் காண்பது அக்காலத்து வழக்கம். அவ்வழக்கத்துக்கு விஞ்ஞானத்தின் முத்திரையும் கிடைத்திருந்தது. அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் 1994-இல் வெளியிட்ட தன் கையேட்டின் நான்காம் பதிப்பில், குறிப்பிட்ட பண்பாடுகளுக்கு உரிய நோய்களின் பட்டியலில் அமோக்கைச் சேர்த்திருந்தது. 2013-ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்புப் பட்டியலில் அது காணப்படவில்லை. 'இனத்தின் இயல்பு' என்று உறுதியாகச் சொல்லப்பட்டதொன்று இருபதாண்டுகளுக்குள் பட்டியலைவிட்டு இறங்கிவிட்டது. இனத்துக்கு ஒரு குணம் எழுதிவைப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படி எழுதிவைப்பதால் இலாபம் யாருக்கு என்பதைச் சையத் உசேன் அலத்தாஸ் 1977-இல் வெளியிட்ட 'சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதை' என்ற நூலில் விளக்கினார். தோட்ட வேலைக்கு வர மறுத்துத் தன் நிலத்திலும் ஆற்றிலும் உழைத்த மலாய்க்காரர் 'சோம்பேறி' ஆனார். கடன்பட்டுக் கப்பலேறி வந்து, மறுக்க வழியின்றி நின்ற தமிழர் 'சாதுவானவர்' ஆனார். இரண்டும் முதலாளியின் கணக்குப் புத்தகத்திலிருந்து எழுதப்பட்ட குணச்சான்றுகள். ஆனால் இக்குற்றத்தை வெள்ளைக்காரர் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் தப்பிக்க முடியாது. பிறப்பிலேயே குணம் என்பது நம் வீட்டுச் சரக்கு. ஜாதி என்பது உலகத்திலேயே மிகப் பழைய, மிகக் கொடிய குணச் சித்தாந்தம். 1929 டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ராமசாமி மலாயாவுக்கு வந்தபோது இந்தச் சரக்கைத்தான் கடலில் எறியச் சொன்னார். நம்மவர் அதைப் பெட்டியில் வைத்து லயத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

இனி இரண்டாவது நூலுக்கு வருவோம். அதன் ஆசிரியர் எரிக் எரிக்சன். 1902-இல் ஜெர்மனியிலே பிறந்தார். தன்னைப் பெற்ற தந்தை யார் என்பதை அவர் கடைசிவரை அறியவில்லை. தாய் யூதப் பெண். வளர்த்த தந்தையும் யூதர். பிள்ளையோ பொன்னிற முடியும் நீலக் கண்ணும் உடையவன். கோயிலில் அவனை அந்நியன் என்றார்கள். பள்ளியில் யூதன் என்றார்கள். 'நான் யார்?' என்ற கேள்வி அவருக்கு ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. வியன்னாவில் பிராய்டின் மகள் ஆனாவிடம் பயின்று, 1933-இல் அமெரிக்கா சென்று, 1939-இல் குடியுரிமை பெற்றபோது எரிக்சன் என்ற பெயரைத் தாமே சூட்டிக்கொண்டார். 1950-இல் 'பிள்ளைப் பருவமும் சமூகமும்' என்ற நூலை வெளியிட்டார்.

மனித வாழ்வை எட்டுப் படிகளாக அவர் வகுத்தார். ஒவ்வொரு படியிலும் ஒரு போராட்டம். கைக்குழந்தைக்கு உலகை நம்புவதா, ஐயுறுவதா என்பது. நடை பழகும் பிள்ளைக்குச் சுயேச்சையா, வெட்கமா என்பது. விளையாடும் பருவத்தில் முன்முயற்சியா, குற்ற உணர்ச்சியா என்பது. பள்ளிப் பருவத்தில் உழைப்பூக்கமா, தாழ்வு மனப்பான்மையா என்பது. இளம் பருவத்தில் 'நான் இன்னான்' என்ற தெளிவா, குழப்பமா என்பது. பின்னர் அன்புறவு, அடுத்த தலைமுறையைப் பேணுதல், முதுமையின் மனநிறைவு என்று எஞ்சிய மூன்றும் வருகின்றன. பிராய்டு ஐந்தாறு வயதோடு முக்கியமானவை முடிந்துவிட்டன என்றார். எரிக்சன், மனிதன் சாகும்வரை வளர்கிறான் என்றார். சீர்திருத்தத்தில் நம்பிக்கை உள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

இதனினும் மேலானது அவருடைய நோக்கு. அமெரிக்காவில் சூ இனத்துப் பூர்வகுடிகள் வாழும் இடத்துக்கு அவர் சென்றார். அப்பிள்ளைகளின் அக்கறையின்மையைக் குறித்து வெள்ளை ஆசிரியர்கள் அவரிடம் முறையிட்டார்கள். எருமைக் கூட்டங்களும் அவற்றோடு கூடிய வாழ்வும் அழிக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள், வீட்டில் ஒரு நியாயமும் பள்ளியில் நேர்மாறான நியாயமும் கற்று நடுவே நின்றுவிட்டார்கள் என்று அவர் கண்டார். ஃபோகோனியேயின் காலத்தார் 'இனத்தின் சுபாவம்' என்று நிறுத்தியிருக்கக்கூடிய இடத்தில், எரிக்சன் சரித்திரத்தைத் தேடினார். இவ்விரு நூல்களுக்கும் உள்ள தூரம் இதுவே.

ஆனால் எட்டுப் படிகளையும் நம் தோட்டத்தில் வைத்துப் பார்த்தால் சில படிகள் ஆட்டங்கொடுக்கின்றன. முதற்படி நிலைத்து நிற்கிறது. விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்ற தாய், பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டாள். ஆயினும் லயத்தில் அத்தையும் பெரியம்மாளும் பக்கத்து வீட்டுப் பாட்டியும் இருந்தார்கள். ஏழைக்கு அன்பில் குறைவில்லை. நான்காம் படியில் கோளாறு தொடங்குகிறது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. பல இடங்களில் கிடைத்ததோ ஒரு கொட்டகையும், ஆசிரியர் வேலையையும் சேர்த்துப் பார்த்த கிராணி அல்லது கங்காணியுமே. உழைப்பூக்கத்தை வளர்க்க வேண்டிய இடம், பெரட்டுக் களத்துக்குக் காத்திருக்கும் இடமாயிற்று.

ஐந்தாம் படியோ இன்னும் மோசம். இளைஞன் தான் யார் என்று கண்டறிய, சமூகம் அவனுக்கு ஒரு தவணைக் காலம் தருகிறது; அக்காலத்தில் அவன் பல வேஷங்களைப் போட்டுப் பார்த்து, ஒன்றைத் தனதாக்கிக்கொள்கிறான் என்கிறார் எரிக்சன். கல்லூரிப் பிள்ளைக்கு இது பொருந்தும். பதின்மூன்று வயதில் தாயின் மரங்களில் ஒட்டுப்பால் பொறுக்கத் தொடங்கி, பதினாறில் தனி நிரை பெற்றவனுக்குத் தவணை கொடுத்தவர் யார்? அவனுக்குக் குழப்பம் வரவில்லை, குழம்புவதற்கும் நேரமில்லை. பெயர்ப் பதிவுப் புத்தகம் 'நீ யார்' என்ற கேள்விக்கு அவன் கேட்குமுன்பே விடையெழுதி வைத்திருந்தது. தவணை என்பது வயதினால் வருவது போல எரிக்சன் எழுதுகிறார். அது வசதியினால் வருவது என்பதைத் தோட்டம் காட்டுகிறது.

இரண்டாம் படியாகிய சுயேச்சையும் வெட்கமும் சிறு பிள்ளைகளுக்கு உரியவை என்பது நூலின் ஏற்பாடு. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூரில் பரவிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை இங்கே நினைக்க வேண்டும். ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற அப்போராட்டத்தில் கூலி உயர்வு மட்டும் கேட்கப்படவில்லை. துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, கள்ளுக்கடை மூடல், தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் தகாதபடி நடப்பதற்கு முடிவு, கொடுமை செய்யும் கிராணிமார் நீக்கம் ஆகியவையும் அக்கோரிக்கைகளில் இருந்தன. அரசாங்கம் பட்டாளத்தை அனுப்பியது, உயிர்கள் பலியாயின, நாதன் நாடு கடத்தப்பட்டார்.

சைக்கிளைவிட்டு இறங்க மாட்டேன் என்ற கோரிக்கையைவிடச் சிறந்த மனோதத்துவ வாசகம் எந்த நூலில் இருக்கிறது? நாற்பது வயது ஆண், பிள்ளைகளைப் பெற்றவன், தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சைக்கிளில் போகும்போது இறங்கி நின்றால், நடை பழகும் பிள்ளையின் படிக்கு அவன் தள்ளப்படுகிறான். அவன் அப்படியை ஏறவில்லை என்பதல்ல விஷயம். ஏறியவனை உத்தரவு போட்டு இறக்கினார்கள். வளர்ச்சி என்பது உள்ளே நடப்பது மட்டுமல்ல, பிறர் இறக்கிவிடவும் கூடியது என்பதற்கு எட்டுப் படிகளில் போதிய இடமில்லை.

எரிக்சன் வேலைநிறுத்தங்களை அறியாதவருமல்லர். 1918-இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் 35 சதவிகித உயர்வு கேட்டு நின்றதையும், காந்தி அதற்காக உண்ணாவிரதம் இருந்ததையும் பொருளாகக் கொண்டு 1969-இல் 'காந்தியின் சத்தியம்' என்ற பெரிய நூலை எழுதினார். காந்தி தம் மனைவியிடம் நடந்துகொண்ட விதத்தை நேருக்கு நேராகக் கண்டிக்கும் துணிவும் அதில் இருக்கிறது. ஆயினும் நூலை நிறைப்பவர்கள் காந்தியும், ஆலை முதலாளி அம்பாலால் சாராபாயும், தொழிலாளர் பக்கம் நின்ற அவர் சகோதரி அனசூயாவுமே. நெசவாளியின் மனம் அங்கேயும் பின்னணியில் நிற்கிறது. ஃபோகோனியேயிடம் நாம் கண்ட குறை, இவ்வளவு உயர்ந்த ஆசிரியரிடத்தும் வேறு வடிவில் தொடர்கிறது. பெண்களைப்பற்றியோ கேட்க வேண்டியதில்லை. படிகள் ஆணின் காலை அளந்து கட்டப்பட்டவை என்று 1982-இல் கரோல் கில்லிகன் எடுத்துக்காட்டினார். மரம் வெட்டி, பால் சுமந்து, பிள்ளை பெற்று, அடுப்பும் மூட்டிய நம் தாய்மாருக்கு எந்தப் படி எப்போது வந்தது என்று எவரும் கேட்டதில்லை.

இவ்வளவும் பழங்கதை என்று சொல்வார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயங்கள் காலியாகி நம் மக்கள் ரவாங்கிலும் ஈஜோக்கிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் குடியேறிவிட்டார்கள், உண்மைதான். ஆனால் 1941-இல் நீக்கச் சொல்லப்பட்ட கிராணியின் மேசை இன்னும் இருக்கிறது. அதில் இன்று உட்கார்ந்திருப்பவர்களில் நானும் ஒருவன். பெயர்ப் பதிவில் இப்போது வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் இருக்கிறார்கள். 'இந்த நாட்டான் சோம்பேறி, அந்த நாட்டான் சாது, இவனை அதட்டினால்தான் வேலை நடக்கும்' என்ற பேச்சு அலுவலகத்தில் தமிழிலேயே நடக்கிறது. நம் பாட்டனைப்பற்றி ஆங்கிலத்தில் சொல்லப்பட்ட வாசகங்களையே நாம் மொழிபெயர்த்துப் பிறர்மீது ஒட்டுகிறோம். பட்டணத்தில் வழி தவறிய நம் பையன்களையோ 'இரத்தம் அப்படி' என்று நாமே தள்ளுகிறோம். ஒதுக்கப்பட்ட இளைஞன், தனக்கு வேறு பெயர் கிடைக்காதபோது, உலகம் வெறுக்கும் பெயரையே தன் அடையாளமாக ஏற்றுக்கொள்வான் என்று எரிக்சன் எச்சரித்தார். அந்த இடத்தில் அவர் சொன்னது முற்றும் சரி.

ஆகவே நம் தீர்ப்பு இது. ஃபோகோனியேயை அழகுக்காகப் படிக்கலாம். மனித குணத்துக்கு அவரைச் சாட்சியாக அழைக்கக் கூடாது. எரிக்சனைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஆனால் அவருடைய படிகளைக் கட்டிக்கொடுத்தது யார், தடுத்தது யார் என்ற கேள்வியோடு படிக்க வேண்டும். தோழர்களே, ஒரு பிள்ளையைப் பார்த்து 'இவன் குணமே அப்படி' என்று சொல்ல வாயெடுக்கும்போது சற்று நில்லுங்கள். அவன் ஏறவேண்டிய படி அங்கே இருந்ததா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அதைக் கட்டுவதுதான் நம் வேலை.