கட்டிய தோல்பை

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா உலூமித்தீன்’ 40 நூல்களின் தொகுப்பாகும். அவற்றுள் 25ஆவது நூல் கோபம், குரோதம், பொறாமை ஆகிய மூன்றையும் ஒருசேர ஆராய்கிறது. இவ்வரிசையிலேயே அதன் வாதம் அடங்கியுள்ளது. பழிவாங்க இயலாமையால் அடக்கப்பட்ட கோபம் உள்ளே திரும்பிக் குரோதமாக உறைகிறது. குரோதம் பொறாமையை ஈன்றெடுக்கிறது.

நம் சொற்பொழிவாளர்களோ கோபத்தை அடக்குவதோடு நின்றுவிடுகின்றனர். திருக்குர்ஆனின் 3:134ஆம் வசனம் அங்கு நிற்கவில்லை. அதிலுள்ள ‘காழிமீன்’ என்னும் சொல்லின் வேர், நிரம்பிய தோல்பையின் வாயை இறுகக் கட்டுவதைக் குறிக்கும். கட்டியபின்னும் நீர் உள்ளேதான் இருக்கிறது. எனவேதான் வசனம் அடுத்து மன்னிப்போரையும், முடிவில் நன்மை புரிவோரையும் கூறுகிறது.

தம் மகள் ஆயிஷா (ரலி) மீதான அவதூற்றில் பங்குகொண்ட உறவினர் மிஸ்தஹுக்கு இனி உதவுவதில்லை எனச் சத்தியம் செய்த அபூபக்ர் (ரலி) அவர்கள், 24:22ஆம் வசனம் அருளப்பட்டதும் உதவியைத் தொடர்ந்தார்கள். இமாமும் இந்நிகழ்வையே சான்று காட்டுகிறார். அக்கோபம் நியாயமற்றதன்று, அதனைக் கைவிட்டதே ஈமானின் செயலாயிற்று.

உடன்பிறந்தாரோடு ஆண்டுக்கணக்கில் பேசாதிருந்து, அதனைப் பொறுமையென எண்ணுவோர் நம்மிடையே உளர். அவர்கள் கட்டிய பையைச் சுமப்பவர்களே என்பதை இந்நூல் உணர்த்துகிறது.