முஷ்டி பறக்குது, ஒதுங்கு!

இரும்பு ராட்சதன் ஒருவன் கையை நேராக நீட்டுகிறான். முழங்கையில் நெருப்பு சீறுகிறது. மறுநொடி முன்கை மொத்தமும் கழன்று பறந்து, எதிரியின் மார்பைத் துளைத்து, அந்தப் பக்கமாக வெளியேறி, வானத்தில் ஒரு வட்டமடித்துத் திரும்பி வந்து ‘டக்’கென்று பழைய இடத்தில் பூட்டிக்கொள்கிறது. மனிதன் கற்பனை செய்த ஆயுதங்களிலேயே இதுதான் தலைசிறந்தது! வில், வாள், லேசர் எல்லாம் அப்புறம். மறுத்துப் பேச வருகிறவர்கள் தாராளமாக வரலாம். பூம்புகார் கடற்கரையில் சுண்டல் என் செலவு.

பெயர் ராக்கெட் பஞ்ச். பிறந்த வருடம் 1972. ஜப்பானியச் சித்திரக்கதைக்காரர் கோ நாகாய் ஒருநாள் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டார். காருக்குக் கைகால் முளைத்து முன்னால் நிற்கும் வண்டிகளையெல்லாம் தாண்டிப் போனால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். அந்த எரிச்சலில் உதித்தவன்தான் 18 மீட்டர் உயர மாஜிங்கர் இசட். அதே வருட டிசம்பரில் தொலைக்காட்சிக்கும் வந்துவிட்டான். மொத்தம் 92 அத்தியாயங்கள். அவன் தலைக்குள் உட்கார்ந்து ஓட்டுகிற பையன் கோஜி கபுட்டோ, ஆயுதத்தின் பெயரைத் தொண்டை கிழியக் கத்திவிட்டுத்தான் ஏவுவான். ‘எதிரிக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கிறானே, மடையன்’ என்பவர்கள் தெருக்கூத்து பார்த்ததில்லை. கட்டியங்காரன் கேட்க, தன் பேரையும் பெருமையையும் பாடி முடிக்காமல் எந்த வேஷக்காரர் சண்டையைத் தொடங்கியிருக்கிறார்?

இதில் ஒரு இயற்பியல் அழகும் இருக்கிறது. பீரங்கிக் குண்டு முன்னால் பாய்ந்தால் பீரங்கி பின்னால் உதைக்கும். ராக்கெட்டோ தன் புகையைப் பின்னால் தள்ளித்தான் முன்னால் போகிறது. ஆகவே அத்தனை கனமான முஷ்டி கிளம்பியும் மாஜிங்கர் ஓரடி பின்வாங்க வேண்டியதில்லை. நின்ற நிலை கலையாமல் கம்பீரமாக நிற்கலாம். அந்தப் புகை முழங்கையில் மோதி அவனைப் பின்னால் தள்ளாதா, பொசுக்காதா என்று கேட்பீர்கள். தள்ளட்டும், பொசுக்கட்டும் சார், ரசிக்கிற நேரத்தில் என்ன கேள்வி இது?

1974இல் பாப்பி நிறுவனம் வார்ப்பு உலோகத்தில் மாஜிங்கர் பொம்மை செய்து விற்றது. உள்ளே ஸ்பிரிங், கை நிஜமாகவே பாயும். அதன் தூரத்துச் சொந்தமான பிளாஸ்டிக் நகல் ஒன்று என் மேஜையில் நிற்கிறது. பொத்தானை அழுத்தினால் முஷ்டி பாய்ந்து பீரோவுக்கு அடியில் போய்விடும். துடைப்பக் குச்சியால் அதைத் துழாவி எடுப்பதும் விளையாட்டில் சேர்த்திதான்.

வீடியோ கேமில் இந்தச் சுகம் இரட்டிப்பு, ஏனென்றால் ஏவுவது நம் விரல். 1990இல் வந்த மெகா மேன் 3இல் ‘ஹார்ட் நக்கிள்’ என்று ஒரு ஆயுதம். முஷ்டி கிளம்பி ஆடி அசைந்து போகும். போகிற வழியில் அதை மேலே கீழே நகர்த்தலாம். காசெட்டை ஊதிச் செருகி விளையாடிய காலத்தில், சுட்ட பிறகும் கை நம் பேச்சைக் கேட்கிறதே என்று நான் குதித்த குதி கொஞ்சமல்ல! 1995இன் ரேமேன் இன்னும் ஒரு படி மேலே. அவனுக்குத் தோளும் கிடையாது, முழங்கையும் கிடையாது. முஷ்டி சும்மா காற்றில் மிதக்கிறது. கையைச் சுழற்றிச் சுழற்றி வேகம் ஏற்றி விட்டால் போய் அறைந்துவிட்டுத் திரும்பி வரும். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் நம்ம இந்தியா யோகி தால்சிம் கையை நீட்டி அடிப்பார், பிரமாதம், ஆனால் கழலாதே! குண்டம் தொடரில் வரும் ஸியோங் என்கிற ரோபோ கையைக் கழற்றிவிட்டு அதற்கு ஒயர் கட்டி இழுக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. விட்டால் விட்டதுதான் என்று இருக்க வேண்டும்.

இப்போது ஊர்க் கதைக்கு வருகிறேன். மாஜிங்கர் பிறந்து சில மாதங்களில், 1973இல், பூம்புகாரில் சிலப்பதிகாரக் கலைக்கூடம் திறந்தார்கள். ஏழுநிலை மாடம், உள்ளே கண்ணகி கதை கல்லில் வரிசையாகப் போகிறது. ரோபோ பைத்தியம் பிடித்த கண்ணோடு அங்கே நடந்து பாருங்கள், புல்லரிக்கும். புகார் நகரத்து நாற்சந்தியில் ஒரு பூதம் இருந்ததாக இளங்கோவடிகள் சொல்கிறார். பொய்ச்சாட்சி சொல்பவர்கள், போலித் துறவிகள் போன்ற ஆசாமிகளுக்கு நான்கு காதம் கேட்கும்படி குரல் கொடுத்து எச்சரித்து, பாசக் கயிற்றால் கட்டி அடித்துத் தின்னும். தாக்குமுன் அறிவிக்கிற காவல் ராட்சதன்! கோஜி கபுட்டோவுக்கு மூத்தவன் நம்ம ஊரில் நின்றிருக்கிறான்.

அடைக்கலக் காதை முடிவில் வருகிற மதுரைக் கோட்டை மதில் அதைவிடப் பெரிய விருந்து. தானே வளைந்து அம்பெய்கிற வில், கிட்டே வந்தவனைக் கடிக்கிற கருங்குரங்கு, மதிலேறியவன் உடம்பைக் கொம்பால் கிழிக்கிற இரும்புப் பன்றி எல்லாமே பொறிகள். எதிரி மேல் பாய்ந்து கண்ணைக் கொத்துகிற மீன்கொத்திப் பொறி உண்டு. பறக்கவிட்டால் உச்சந்தலையைக் கொத்தி மூளையைக் கடிக்கிற ஆண்டலைப் பறவைப் பொறியும் உண்டு என்கிறார் உரையாசிரியர் அடியார்க்கு நல்லார். உ.வே.சா. 1892இல் அச்சிட்ட அந்த உரையைக் கையில் வைத்துக்கொண்டு, ‘பறந்து தாக்கும் பொறியா, அது ஜப்பான் சரக்கு’ என்று எவனாவது சொன்னால் எனக்குக் கோபம் வராதா?

இத்தனை பொறிகளையும் கடந்துதான் இடைச்சி மாதரியோடு கண்ணகி ஊருக்குள் போகிறாள். புகாரில் பிறந்த பெண், கையில் ஆயுதம் எதுவும் இல்லை. பொறிகளெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு நிற்கின்றன. பிறகு அவள் என்ன செய்தாள்? நகரை மூன்று முறை வலம் வந்து, இடப்பக்க மார்பைத் தன் கையாலேயே திருகி எறிந்தாள். ஊர் எரிந்தது. முதியவர், குழந்தைகள், பசுக்கள், அறவோர் போன்றவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் மட்டும் போ என்று தீக்கு உத்தரவும் போட்டாள். உடம்பில் ஒன்று கழன்று பறந்து, குறி பிரித்துத் தாக்குகிறது! கற்பனையின் துணிச்சலில் மாஜிங்கர் இதற்குப் பக்கத்தில்கூட வரமாட்டான். அவன் முஷ்டி திரும்பி வந்துவிடும்.

இதை யாராவது வீடியோ கேமாகச் செய்யுங்கள். முதல் கட்டம் புகார், நாற்சந்தியில் பூதம். கடைசிக் கட்டம் மதுரை மதில், அத்தனை பொறிகளையும் நாம் இயக்கலாம். ஆனால் கண்ணகிக்கு மட்டும் பொத்தான் வைக்காதீர்கள். அவள் வருகிறபோது ஆட்டக்காரனின் கண்ட்ரோலர் வேலை செய்யக் கூடாது. ஓரமாக நின்று பார்க்க வேண்டியதுதான். மற்றதெல்லாம் நமக்கு. எனக்கு அந்த இரும்புப் பன்றி, இப்போதே துண்டு போட்டுவிட்டேன். ஆண்டலைப் பறவை யாருக்கு?