செஞ்சிச் சுற்றுலாவில் விடுபடும் குன்று

செஞ்சிக் கோட்டைக்கு வரும் பள்ளிச் சுற்றுலாக்களை நாலைந்து வருஷமாகக் கவனித்து வருகிறேன். கல்யாண மகால், களஞ்சியம், ஆனைக்குளம், அப்புறம் ராஜகிரி ஏற்றம். நடுவில் தேசிங்கு ராஜா கதை. மூச்சு வாங்க மேலே போய் ஒரு குரூப் போட்டோ, கீழே வந்து புளிசாதம். 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி ஒன்றுதான். இனி வேன்கள் இன்னும் அதிகமாக வரும்.

ஒருநாள் அடிவாரத்து மரத்தடியில் ஒரு ஆசிரியர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், மராத்தியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வரிசையாகச் சொன்னார். "இதுக்கெல்லாம் முன்னாடி இந்தப் பக்கம் சமணர்கள் இருந்தாங்க. இப்ப இல்ல" என்றார். பின்வரிசையில் ஒரு பெண், "நாங்க நயினாருங்க சார்" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. அவர் காதில் விழவும் இல்லை. அதற்குள் விசில் அடித்து எல்லோரையும் கிளப்பிவிட்டார்கள்.

அந்த ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் சுற்றுலாவின் அமைப்பே அப்படி. ஆண்டவர்களைக் காட்டுகிறோம், வாழ்கிறவர்களைக் காட்டுவதில்லை.

செஞ்சியை ஒட்டிய சிறுகடம்பூரில் திருநாதர்குன்று இருக்கிறது. பாறையில் 24 தீர்த்தங்கரர்களை இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கேயே சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் பழைய வட்டெழுத்துக் கல்வெட்டும் உண்டு. 'ஐ' என்ற எழுத்தின் மிகப் பழைய வடிவத்தை இதில் காணலாம் என்பார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த எந்தக் குழந்தைக்கும் இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? கிழக்கே கொஞ்ச தூரம் போனால் மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊர், பார்சுவநாதர் கோயில். அங்கே இன்றும் பூஜை நடக்கிறது, திருவிழா நடக்கிறது. பள்ளி வேன்களைத்தான் நான் அங்கே பார்த்ததில்லை.

இத்தனைக்கும் அந்த வேனில் வரும் பிள்ளைகள் நாலடியார் மனப்பாடம் செய்தவர்கள். சீவக சிந்தாமணி சமணக் காப்பியம் என்று ஒரு மார்க் கேள்விக்கு எழுதியவர்கள். ஒரு சமணரோடு பேசியிருப்பார்களா என்றால், பெரும்பாலும் இல்லை.

உ.வே.சா.வுக்கும் ஆரம்பத்தில் இதே நிலைதான். கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர், அத்தனை படித்தவர், சிந்தாமணியை எடுத்தால் சமணக் கருத்துகள் பிடிபடவில்லை. அவருக்கு வழி கிடைத்தது அதே ஊரில் இருந்த சமணர் வீட்டில். அவர்கள் அந்த நூலைப் புனிதமாகப் படித்துவந்தவர்கள். அவர் உட்கார்ந்து கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். 1887-இல் பதிப்பு வந்தது. அவர் போனது பக்கத்துத் தெருவுக்கு. என்னைக் கேட்டால், தமிழில் நடந்த மிக நல்ல கல்விச் சுற்றுலா அதுதான்.

"அறிமுகமில்லாத பண்பாடு" என்றதும் ராஜஸ்தான் நடனம், வடகிழக்கு உடை என்று போய்விடுகிறோம். அதுவும் வேண்டியதுதான். ஆனால் பக்கத்து ஊர்க்காரரே அறிமுகமில்லாமல் இருக்கிறாரே, அதற்கு என்ன செய்வது?

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நாற்பது பிள்ளைகள் திபுதிபுவென்று இறங்கி ஒரு சமூகத்தை மிருகக்காட்சி சாலை மாதிரி பார்த்துவிட்டுப் போனால், போகாமல் இருப்பதே மேல். முன்கூட்டியே கேட்டு, அவர்கள் சம்மதித்தால், ஒரு பெரியவரோடு ஒரு மணி நேரம் உட்காரலாம். பொழுது சாய்ந்த பிறகு ஏன் சாப்பிடுவதில்லை என்று கேட்கலாம். அவரும் பிள்ளைகளைக் கேள்வி கேட்கட்டும்.

நேரம் இல்லை என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். உண்மைதான். ராஜகிரி ஏறி இறங்கவே அரைநாள் போய்விடும், பிள்ளைகளுக்கும் அதுதான் பிடிக்கும். ஏறட்டும். இன்னொரு அரைநாளில் பாண்டிச்சேரி பீச்சுக்கு ஓடுவதற்குப் பதில் திருநாதர்குன்றுக்குப் போகலாம். அந்தப் பெண்ணை முன்னால் நடக்கவிட்டு, இது என்ன என்று அவளையே சொல்லச் சொல்லலாம். அவளுக்கும் தெரியாமல் இருக்கலாம். வீட்டில் போய்க் கேட்டுக்கொண்டு வருவாள்.